ஒரே எண், ஒரு லட்சம் தடவை

நான் சோதித்த மென்பொருளால் என் நைனா ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தார். அப்பாவைப் பட்டினி போட்டதற்கு வெட்கப்பட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

லாரிகள் கொண்டுவரும் கன்டெய்னர் எண்களைக் கப்பலின் பட்டியலோடு ஒப்பிட்டு, துறைமுகக் கேட்டைத் திறக்கும் மென்பொருள் அது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டுதான் மீன் வாங்கவும் போவேன் (குளிக்கும்போது கழற்றுவேன்). இந்தச் சோதனை தேறினால் வேலை நிரந்தரம்.

ஒரு லட்சம் எண்களை நிரப்பி வேகம் பார்க்க வேண்டும். என்ன எண்கள் என்று டீம் லீடரிடம் கேட்டேன். "எதையாவது போடும்மா, வேகம்தானே பார்க்கணும்" என்றார். ஒரே எண்ணை ஒரு லட்சம் தடவை நிரப்பினேன். கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. முடியாதா பின்னே? எதைத் தேடினாலும் முதல் இடத்திலேயே அகப்படுமே! அந்த அறிவு இல்லாமல் தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தேன்.

மென்பொருளைத் துறைமுகத்தில் வேலைக்கு விட்ட அன்று எல்லா எண்களும் வேறுவேறாக வந்தன. ஒவ்வொன்றையும் பட்டியல் முழுக்கத் தேடித் தேடி கம்ப்யூட்டர் உறைந்துபோனது. கேட் திறக்கவில்லை. டிரெய்லர்கள் திருவொற்றியூர் வரை நின்றன. அதிலொன்றை ஓட்டிவந்த நைனா, மற்ற டிரைவர்களோடு, நானும் டீம் லீடரும் இருந்த கேட் ஆபீசுக்குள் புகுந்தார்.

"எவன்டா இத்த டெஸ்ட் பண்ணவன்? இஸ்துகினு வா அவன."

டீம் லீடர் என்னைக் கைகாட்டினார்.

"நான்தான் நைனா."

என் அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நாஸ்தா துன்னியாமே?" என்றார். பிறகு மற்றவர்களிடம், "இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க? வண்டில போய் குந்துங்கபா."

அதற்கு என்னை அறைந்திருக்கலாம்.

'சோதித்தவரின் கவனக்குறைவு' என்று டீம் லீடர் அறிக்கை எழுதினார். இந்தப் பக்கத்துப் பெண்களை எடுத்தால் இப்படித்தான் என்று காதுபடவே சொன்னார். வேறுவேறு எண்களை நிரப்பி, அவர் எழுதிய நிரல் எப்படித் தவழ்கிறது என்று மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். அப்படியும் டீம் லீடருக்குப் பதவி உயர்வு. எனக்கு ஆறு மாதம் தாமதமாக நிரந்தரம். என் தப்பு என் தப்புதான். அவர் தப்பையும் நானா சுமப்பது?

போன வாரம் எனக்கு ஒரு வரன் வந்தது. "நாலு பேரிடம் விசாரித்தேன், தங்கமான பையன்" என்றான் அண்ணன்.

நைனா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு பேராண்ட கேட்டியா, ஒருத்தனாண்டயே நாலு தபா கேட்டியா?"

வீடே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஒருத்தனிடம்தான் கேட்டிருந்தான்.