அணு ஆயுதமற்ற ஒழுங்கை

மனிதரில் ஓர் இனம் இருக்கிறது. தன்னிடம் இல்லாததைத் துறக்கிற இனம். பல் முழுவதும் கொட்டிப்போன பிறகு இனிமேல் முறுக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர், ஒரு சைக்கிளைக்கூட நேராக ஓட்டத் தெரியாமல் நானென்றால் காரை வேகமாக ஓட்டவே மாட்டேன் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவர், ஒரு கட்சியும் கூப்பிடாத தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று அறிக்கை விடுகிறவர், எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இவர்களை நீங்கள் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள், கலியாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். முகத்தில் ஒரு தியாகக் களை இருக்கும். எதைத் தியாகம் செய்தார் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் கை வெறுங்கையாக இருக்கும்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கற்பிட்டிக்குப் போங்கள். புத்தளத்தில் பஸ் ஏறி, களப்பைச் சுற்றிக்கொண்டு போய் இறங்கி, மனேஜர் வீடு எது என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற முத்தலிபுவின் வீட்டைக் காட்டுவார்கள். சங்கக்கடை மூடிப் போய்விட்டது. மனேஜர் போகவில்லை.

ஓய்வுபெற்றவர்கள் சிலர் கத்தரிக்காய் நடுவார்கள். சிலர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். முத்தலிபு உலகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடமாகியும் நேரம் தவறாமல் ரேடியோவில் செய்தி கேட்கிற பழக்கம் அவரை விடவில்லை. உள்ளூரில் பயப்பட ஒன்றும் இல்லாமல் போகவே, வெளிநாட்டில் தேடத் தொடங்கினார். அப்படித் தேடியபோதுதான் ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே, அணு ஆயுதமற்ற வலயங்களைக் கண்டுபிடித்தார்.

என்ன அழகான ஏற்பாடு! இலத்தீன் அமெரிக்க நாடுகள் கூடி, எங்கள் மண்ணில் அணுகுண்டு செய்யமாட்டோம், வாங்கமாட்டோம், பிறத்தியான் கொண்டுவந்து வைக்கவும் விடமாட்டோம் என்று கையெழுத்து வைத்திருக்கின்றன. அதைப் பார்த்துத் தென் பசிபிக் வைத்தது, தென்கிழக்காசியா வைத்தது, ஆபிரிக்கா வைத்தது, மத்திய ஆசியா வைத்தது. அந்தாட்டிக்காவில் குண்டு வைக்கக் கூடாது. கடலுக்கு அடியில் கூடாது. சந்திரனில்கூடக் கூடாதாம். முத்தலிபு சோற்றைத் தள்ளி வைத்தார்.

"சந்திரனுக்கும் இரிக்கி. கற்பிட்டிக்கி இல்ல!" என்றார் மனைவி ஜுனைதாவிடம், யாரோ வேண்டுமென்றே செய்த அநியாயத்தைச் சொல்வதுபோல.

"சந்திரனுல மீன் ஆணமும் இல்லதான். ஆறுறத்துக்குள்ள சோத்தத் திண்டுட்டுக் கதைங்க" என்றார் ஜுனைதா.

அன்றிலிருந்து முத்தலிபுவின் வாயில் வலயம் என்ற சொல் குடியேறியது. ஆடு அடுத்த வளவுக்குள் பாய்ந்தால், "இதுக்கு ஒரு வலயம் போடணும்." கரையில் இரண்டு வலைக்காரர் சட்டையைப் பிடித்தால், "மூண்டாந் தரப்புக் கண்காணிப்பு இல்லாத குறை இது." தேத்தண்ணிக் கடையில் அவர் அந்த இலத்தீன் அமெரிக்கத் திலாத்தெலொல்கோ உடன்படிக்கை என்று வெற்றிலை வாயோடு சொல்லத் தொடங்கினால், முன் வாங்குப் பலகையில் இருப்பவர்கள் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வார்கள். மூடினால் என்ன, அவர் முழுப்பேரையும் சொல்லித்தான் முடிப்பார்.

"அக்கரையில இந்தியாக்காரன் அணு உலை கட்டுறானே நானா, அதுவும் கூடாதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"அது கரண்டுக்கு. இது குண்டுக்கு. உடன்படிக்கை குண்டுக்கு மட்டுந்தான்."

"அப்ப கரண்டு வெடிச்சா?"

"அது வேற உடன்படிக்கை" என்றார் முத்தலிபு. கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

சரி, இனி மரத்துக்கு வருவோம். முத்தலிபுவின் வளவின் பின்மூலையில் ஒரு தென்னை நின்றது. கன்றாக இருந்தபோது ஒழுங்காக நேரேதான் வளர்ந்தது. பிறகு அதற்கென்ன தோன்றியதோ, மெல்ல வளைந்து, மதிலைத் தாண்டி, பின்வீட்டு யூஜீனியாவின் குசினித் தகரத்துக்கு நேர் மேலே போய்த் தலையை விரித்தது. வேர் முத்தலிபுவினது. குலை அவரது கணக்கில். விழுவது மட்டும் யூஜீனியாவின் தலைக்கு.

யூஜீனியா அப்பம் சுட்டு விற்கிறவர். கணவர் மனுவேல் கடலில் இருக்கும் நேரமெல்லாம் அவர் அடுப்படியில் இருப்பார். கூரைத் தகரத்தில் ஓட்டைகள், ஓட்டைகளின் மேல் ஒட்டுகள், ஒட்டுகளின் மேல் புது ஓட்டைகள். போன கச்சான் காற்றில் ஒரு தேங்காய் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து அப்பச் சட்டியை இரண்டாகப் பிளந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மனுவேலுக்கு மனைவி இல்லை. அன்றிலிருந்து யூஜீனியா கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டுதான் மா கலக்குகிறார், அப்பம் சுடுகிறார், சில்லறை கொடுக்கிறார்.

"நானா, அந்த மரத்த வெட்டிவிடுங்களன். உயிரக் கையில பிடிச்சுக்கொண்டெல்லோ சுடுறன்" என்று மதிலுக்கு இப்பால் இருந்து கெஞ்சுவார்.

"மரம் நேராத்தான் நிக்குது தங்கச்சி. உங்கட குசினிதான் சரிவு" என்பார் முத்தலிபு மதிலுக்கு அப்பால் இருந்து.

குசினியின் சரிவு நிரூபணமாகவில்லை. ஆனாலும் பேச்சுவார்த்தை தொடர்ந்தது. மரம் தானாக ஒன்றையும் போடாது, காற்று அடித்தால்தான் போடும், ஆயுதத்தை முதலில் பாவிப்பதில்லை என்பதே தம் பக்கத்துக் கொள்கை என்றார் முத்தலிபு. இன்னொரு நாள், உங்களுடைய முருங்கை என் பக்கம் மயிர்க்கொட்டிப் புழுக்களைக் கொட்டுகிறதே, அது உயிரியல் ஆயுதமல்லவா, இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா குறைக்க வேண்டும் என்று கேட்டார். யூஜீனியா அன்றைக்கே முருங்கையைத் தறித்துப் போட்டார். முத்தலிபு இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, வலயத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கொடுக்கிற பாதுகாப்பு உத்தரவாதம் என்று தம்முடைய பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மதிலுக்கு மேலால் நீட்டினார். இப்போது அதில் கோழி அடை கிடக்கிறது.

இதற்கிடையில் தெற்காசியாவில் வலயம் வருகிற பாடாக இல்லை. இருக்கிறவர்கள் தரமாட்டார்கள், இல்லாதவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். பெரியவர்கள் செய்யாவிட்டால் நாமாவது செய்வோம் என்று முத்தலிபு முடிவு கட்டினார். தம் வீட்டுச் சின்னத் தெருவான ஒழுங்கையின் முகப்பில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, அதே ஒழுங்கை முஸம்மிலின் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, எங்கள் ஒழுங்கை அணு ஆயுதமற்ற ஒழுங்கை என்று பிரகடனம் வாசித்தார். ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு பிரதி போகுமாம். ஒழுங்கையே திரண்டு வந்து கையெழுத்து வைத்தது. வைப்பதற்கென்ன, செலவா, கூலியா?

"குண்டு வெக்கிறத்துக்கு எனக்கு வீட்டுல எடமும் இல்ல நானா" என்று சொல்லிக்கொண்டே வைத்தார் முஸம்மில்.

யூஜீனியா பின்வரிசையில் எழுந்து நின்றார். "இதில தென்னை மரத்தையும் சேக்கலாமோ?"

"தங்கச்சி, இது சர்வதேச விசயம். உள்வீட்டு அலுவல இதுக்குள்ள கலக்கப்படாது."

கைதட்டினார்கள். யூஜீனியா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். முஸம்மிலுக்கு வாய் சும்மா இருக்காதே. "கையெழுத்து வெச்சாப் போதுமா? ஆராச்சும் ஒளிச்சி வெச்சிருந்தா?" என்று பகிடிக்குக் கேட்டார். முத்தலிபுவின் முகம் மலர்ந்தது. பரிசோதனை! உடன்படிக்கை என்றால் பரிசோதகர் இல்லாமலா?

மறுநாள் காலை பரிசோதனைக் குழு புறப்பட்டது. தலைவர் முத்தலிபு, வெள்ளைச் சாரத்தோடு. உறுப்பினர் முஸம்மில். பெண்கள் புழங்குகிற குசினிகளைப் பார்வையிட ஜுனைதா. வீடு வீடாகப் போய் அரிசிப் பானைக்குள் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சூடை மீனுக்குப் பின்னாலும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் அலுமாரியைத் திறக்கச் சொன்னபோது வீட்டுக்காரி, "அதுக்குள்ள அவருட சம்பளத்துல வாங்காத சாரி ரெண்டு இரிக்கி, அவரு முன்னால தொறக்கேலாது" என்று கையை விரித்து மறித்தார். தலைவர் அதை இறைமைப் பிரச்சினை என்று ஏற்றுக்கொண்டார்.

கடைசி வீடு யூஜீனியாவினது. ஒழுங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலை அடுத்த தெருவில் வைத்திருக்கிற வீடு அது; அவரும் கையெழுத்து வைத்ததால் பட்டியலில் வந்தது. மதிலுக்கு மேலால் இத்தனை காலம் வழக்குப் பேசிய முத்தலிபு வாசலால் ஒருநாளும் போனதில்லை. கரை வீதிக்குப் போய், மீன் வாடிகளைச் சுற்றி, இரண்டு முடக்குத் திரும்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியவில்லை. தலைவருக்கு எதற்குத் திசை? குசினிக்குள் போய் அடுப்படி வாங்கில் அமர்ந்து, தட்டில் விழுந்த முட்டை அப்பத்தைச் சம்பலோடு பிய்த்து வாயில் வைத்து, கூரையில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கடமை உணர்வோடு அண்ணாந்து பார்த்தார்.

தகரத்து ஓட்டைக்கு ஊடாக வானம் தெரியவில்லை. தேங்காய்தான் தெரிந்தது. ஒன்றல்ல, ஒரு முழுக் குலை, அவருடைய நெற்றிக்கு நேர் மேலே, கனத்துச் சரிந்து, காற்றுக்கு ஆடிக்கொண்டு. பக்கத்தில் இன்னொரு குலை. வாங்கில் மெல்ல ஒரு பக்கம் அரக்கினார். அங்கே மேலே இன்னும் பெரிய ஓட்டை, இன்னும் பெரிய தேங்காய்.

"ஆர்ட மரம் இது?" என்று கத்தினார்.

யூஜீனியா வெந்த அப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்தார்.

"கேக்கிறன், ஆர்ட மரம்? ஒரு பொம்புள நெருப்புக்கு முன்னுக்கு இரிக்கிற எடத்துக்கு மேல இப்பிடியொரு மரத்த வெச்சிருக்கிறவன் மனிசனா? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா அவனுக்கு? மரம் சாஞ்சி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயாமா? பேச்சே வாணாம். இண்டைக்கே வெட்டணும். தலைவர் எண்ட முறையில சொல்றன்!"

முஸம்மில் சிரிப்பை அடக்கத் தலைத்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். ஜுனைதா மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"பொறவு சொல்லு மாறமாட்டீங்களே?"

"நான் மாறுவனா? முஸம்மில், நீ சாட்சி!"

"உங்கட மரம்தான் நானா" என்றார் யூஜீனியா. கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

முத்தலிபு வெளியே ஓடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது அவருடைய சாரம். அதற்குப் பின்னால் அவருடைய கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்து புறப்பட்டு, வெட்கமில்லாமல் வளைந்து, அவர் தலைக்கு மேலாலேயே வந்துகொண்டிருந்தது மரம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிவில்லை என்று எந்தச் சபையிலும் வாதாட முடியாது.

திரும்பி வந்தவர் தொண்டையைச் செருமினார். "அப்பிடியெண்டா... இத கட்டம் கட்டமாத்தான் செய்யணும். மொதல்ல ஒரு குழு..."

"நல்லம்" என்றார் ஜுனைதா. "குழு முடிவெடுக்கும் வரைக்கும் அந்த வாங்குலயே இரிந்து திண்ணுங்க. யூஜீனியா, அவருக்கு இன்னும் ரெண்டு அப்பம் போடுங்க."

கணவர் எழும்பப் பார்த்தார். மனைவி தோளில் கையை வைத்து இருத்தினார். மேலே காற்று வந்தது. மட்டை தகரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. முத்தலிபு கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சட்டியில் இருந்த அப்பம் வேகுவதற்குள் சம்மதித்துவிட்டார்.

பின்னேரம் மரம் வெட்டுகிறவர் கயிறோடு வந்து உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார். அடுத்த நாள் காலை யூஜீனியா முதுகை நிமிர்த்தி இருந்து அப்பம் சுட்டார். பார்த்தவர்களுக்கு அவர் வளர்ந்துவிட்டதுபோல் இருந்ததாம். அவருக்கு அத்தனை சந்தோஷம், வாங்கினவர்களுக்கெல்லாம் சம்பல் அள்ளி வைத்தார்.

முத்தலிபு ஒடுங்கிப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது தேத்தண்ணிக் கடையில் புதுப் பாடம் நடக்கிறது. கையில் வைத்திருந்த அணுகுண்டுகளைத் தானாகவே கழற்றிப் போட்டது தென்னாபிரிக்கா, அதற்குப் பிறகு உலகத்தில் தானாகவே ஆயுதம் துறந்தவன் நான்தான் என்று விரலை நீட்டிச் சொல்கிறார். தானாகவே என்ற இடம் வரும்போது முஸம்மில் வெளியே போய் ஓட்டோவைத் துடைப்பார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். உங்களிடம் அணுகுண்டு இல்லை, எனக்குத் தெரியும். யாரையும் ஏமாற்றாதவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், உலக சமாதானத்துக்கு எங்கே என்றாலும் கையெழுத்து வைக்கிறவர். உங்கள் வளவில் நிற்பதெல்லாம் நேராகத்தான் நிற்கிறது, இல்லையா? நல்லது. ஒரு நாளைக்கு முன்வாசலால் சுற்றிப்போய்ப் பின்வீட்டுக் குசினியில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அண்ணாந்தும் பாருங்கள். ஆனால் யாருடைய மரம் என்று மட்டும் சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள்.