தோசைத் திருப்பிக்கு ஒரு மனு

செஞ்சிக் கோட்டையைப் படை திரட்டிப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அதன் அடிவாரத்துப் பூங்காவை மனு போட்டே பிடித்தவர் கொய்ங் கம்பவுண்டர் ஒருவர்தான்.

அறுபதுகளில் நான் அங்கே பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். கம்பவுண்டர் மெட்ராஸ் பழைய சாமான் கடை ஒன்றில், பட்டாளத்தார் கண்ணிவெடி தேடும் கருவியை வாங்கி வந்திருந்தார். நீளக் குச்சி, நுனியில் தட்டு. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் 'கொய்ங்' என்று கத்தும். தேசிங்கு ராஜாவின் தங்கம் பூங்காவில்தான் கிடக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனிதர் சட்டத்துக்குப் பயந்தவர். 'மண்வெட்டி, கடப்பாரை கொண்டு தோண்டக் கூடாது' என்று வாசலில் பலகை இருந்தது.

"பலகையில களைக்கொட்டு இல்லியே சார், அது செல்லுமா?" என்று மனுவோடு வந்தார்.

எங்கள் தலைவர் களைக்கொட்டையும் பலகையில் எழுதச் சொன்னார். அடுத்த வாரம் கொத்தனார் கரண்டிக்கு மனு. அதுவும் பலகை ஏறியது. பிறகு அரிவாள்மணை. பலகையில் இடம் தீர்ந்ததும் தலைவர் கத்தினார்:

"சாண் ஆழத்துக்கு மேல போவாம, புல்லு சாவாம, இன்னாத்த வேணா வெச்சி நோண்டிக்கோய்யா!"

கம்பவுண்டர் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தேர்ந்தெடுத்தது, தோசைத் திருப்பி. புல்லை வட்டமாகப் பெயர்ப்பார், நோண்டுவார், திரும்பப் போட்டு அமுக்குவார். ஆறு மாதத்தில் கிடைத்த ராஜ சொத்து: துருப்பிடித்த ஆணிகள், மாட்டு லாடம், ஒரு சைக்கிள் மணி. அவர் வீட்டம்மா ஆபீசுக்கே வந்து, "தோசைய நான் கையாலயா திருப்பறது?" என்று சண்டை போட்டார். அதை அப்படியே நடித்துக் காட்டி ஆபீசைச் சிரிக்கவைத்தவன் நான்தான்.

அந்தக் கோடையில் மாமனார் போட்ட மோதிரத்தைத் தொலைத்தேன். இடம், பூங்கா மரத்தடி. நேரம், ஆபீஸ் நேரம். மோதிரம் இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. தூங்கினேன் என்று வெளியே சொல்லவும் முடியாது. கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"பூங்காவப் பார்வையிட வந்தேன். விழுந்துட்டுது."

என் முதுகில் ஒட்டியிருந்த புல்லை அவர் பார்த்தார்.

"படுத்துக்கினா பார்வையிட்டீங்க?"

கேட்ட கையோடு என்னுடன் கிளம்பினார். கருவியோடு மண்டியிட்டு, மரத்தடியில் விரல் விரலாக நகர்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து 'கொய்ங்'. தரை வெடிப்புக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தார். பெயர்த்த புல்லைப் பதித்துவிட்டு, "மூணு நாளு தண்ணி ஊத்துங்க சார், புடிச்சிக்கும்" என்றார்.

மறுநாள் ஏதோ மனுவோடு ஆபீசுக்கு வந்தார். நான் தூங்கிய கதையை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தப் புல்லுக்கு நான் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன்.