உச்சிவெயிலில் ஒரு நுண்வாசிப்பு

கிரேக்கமும் பாரசீகமும் உலகுக்கு என்னென்னவோ தந்திருக்கலாம். ஆனால் 'கலந்துரையாடல்வழி நுண்வாசிப்பு' என்னும் மகத்தான கல்விமுறை முழுமை பெற்றது நிக்கோபார் தீவின் கேம்பல் பே ஊரில், ஒரு பள்ளியின் பதினோராம் வகுப்பில்தான். ஆண்டு 2012. காரணகர்த்தா, தமிழாசிரியர் ஜம்புலிங்கம்.

போர்ட் பிளேர் பயிற்சி முகாமில் வாழைக்காய் பஜ்ஜியோடு சேர்த்து அம்முறையையும் அவர் உட்கொண்டு வந்திருந்தார். "எழுதினவர் பெரியவரா சின்னவரான்னு பாக்காதீங்க. வரி உண்மையா, அதை மட்டும் பாருங்க" என்று வருடம் முழுக்கப் போதித்தார். பிள்ளைகளும் கிடைத்த தன்வரலாறுகளையெல்லாம் மீன் ஆய்வதுபோல் முள் முள்ளாக எடுத்துப் போட்டார்கள். வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

செய்தி மேலிடத்துக்கு எட்டியது. பெரிய அதிகாரி செந்தமிழனே வகுப்பைப் 'பார்வையிட' எழுந்தருளினார். கையில் அவரே எழுதிய நினைவுநூல்: 'தீவுக்கு நான் தந்த தோள்'. சுனாமிக்குப் பின் நிவாரணப் பணியில் அவர் ஆற்றிய அருஞ்செயல்கள் அதில் இருந்தன.

"இதையே நடத்துங்களேன்" என்றார் மிகுந்த அடக்கத்தோடு.

ஜம்புலிங்கம் மறுப்பாரா? அவருடைய இடமாற்ற விண்ணப்பம் அந்த அதிகாரியின் மேசையில்தான் கிடந்தது. மனைவி சுதாவும் குழந்தையும் போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் இருந்தார்கள். கப்பல் கிடைத்தால்தான் அவருக்குக் குழந்தை முகம்.

ப்ரியங்கா எழுந்து கணீரென்று வாசித்தாள்: "உச்சிவெயிலில் ஒவ்வொரு தகரக் குடியிருப்பாக நுழைந்தேன். உள்ளே குடும்பத்தோடு குடும்பமாக அமர்ந்து சோறு உண்டேன்."

"கலந்துரையாடலாம்" என்றார் ஜம்புலிங்கம், பழக்கதோஷத்தில்.

"சார், தோபஹர்ல, உச்சி வெயில்ல, டின் ஷெல்டர் உள்ள யாரு இருப்பா?" என்றான் முத்துவீரன்.

"ஏன் இருக்க மாட்டாங்க?" என்றார் அதிகாரி.

"தகரம் காஞ்சா உள்ள தோசை சுடலாம் சார். பகல் பூரா எல்லாரும் மரத்தடியிலதான் கிடப்போம். சாப்பாடும் அங்கதான்."

"மத்லப், அப்படின்னா சார் உள்ள போய் யாரோட சாப்ட்டாங்க?" என்றாள் ப்ரியங்கா. குரலில் குறும்பே இல்லை. முறைப்படியான ஐயம்.

"சோறு போட்டது யாருன்னும் எழுதலை" என்றது பின்வரிசை.

அப்படியொரு கலந்துரையாடலை அந்த வகுப்பு அதுவரை கண்டதில்லை. அதிகாரி கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இவங்களுக்கு அப்போ சின்ன வயசு, ஞாபகம் இருக்காது. ஜம்புலிங்கம், நீங்களும் அந்த ஷெல்டர்லதானே இருந்தீங்க? நீங்களே சொல்லுங்க, நான் வந்தேனா இல்லையா?"

ஜம்புலிங்கம் அங்கே இரண்டு கோடையைக் கழித்தவர். பகலெல்லாம் பாதாம் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர். அதிகாரியின் ஜீப் நிற்காமல் போனதைப் படுத்தபடியே பார்த்தவரும்கூட. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஜங்லிகாட்டில் குழந்தை பேசத் தொடங்கியிருந்தது; செல்போனைக் காட்டித்தான் அப்பா என்றது.

"வந்தீங்க சார்" என்றார். "எங்க வீட்டுலயும் உக்காந்து சாப்ட்டீங்க."

அடுத்த கப்பலிலேயே இடமாற்ற உத்தரவு வந்தது. கூடவே, உண்மையை நாடும் கல்விமுறையை வளர்த்தமைக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது.

'எங்க வீட்டுலயும் உக்காந்து சாப்ட்டீங்க' என்று வாத்தியார் சொன்ன அந்த வரியைப் பற்றி மட்டும் வகுப்பில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்.