தங்கையின் கெர்னலில் நான் இழுத்த சிவப்புக் கோடு

பிறர் எழுதியதைச் சரிபார்க்கக் கொடுத்தால், ஒரு திருத்தமும் போடாமல் திருப்பித் தர என்னால் முடியாது. பரம்பரை வியாதி. எங்கள் அப்பா அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். கீழேயிருந்து வரும் வரைவில் ஒரு சிவப்புக் கோடாவது இழுக்காவிட்டால், படிக்காமலே தள்ளிவிட்டார் என்று மேலே நினைப்பார்களாம். ('பெறுநர்' என்பதை அடித்துவிட்டு, மேலே மறுபடியும் 'பெறுநர்' என்றே எழுதிய மனிதர் அவர்.)

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். தங்கை சித்ரா எம்.சி.ஏ. கடைசி வருடம். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புராஜெக்டில் தேறினால்தான் அந்த வேலை நிலைக்கும். தேறாவிட்டால், பெண் கேட்டு வந்த சேரன்மகாதேவிக்காரர்களுக்கு அப்பா சரி சொல்லிவிடுவார். அவளுக்கு எது வேண்டும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. அதன் உள்மையமான கெர்னலில், ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கும் கோப்பிலும் சிடி டிரைவைக் கவனிக்கும் கோப்பிலும் ஏறக்குறைய ஒரே முப்பது வரிகள் இருப்பதைச் சித்ரா கண்டுபிடித்தாள். டிரைவ் தயாராகும்வரை காத்திருக்கச் சொல்லும் வரிகள். இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டு கோப்பும் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஒரே ஃபங்ஷனாக எழுதினாள். வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிரதியையும் ரெக்கார்டில் இணைக்க வேண்டும் என்றது கல்லூரி.

"வெளிய எதுக்கு அலையுத? அண்ணன்கிட்டயே குடு," என்றார் அப்பா.

மூன்று முறை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. இப்படி எழுதினால் சரிபார்க்கிறவன் என்னதான் செய்வது? நான்காம் முறை கண்ணில் பட்டது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை மட்டும் அவள் பொதுவாக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குக் குறைந்த நேரம், சிடிக்குக் கூடுதல் நேரம்.

"ஏளா, ஒண்ணாக்குதேன்னு சொல்லிட்டு ரெண்டு நேரம் எதுக்கு வச்சிருக்க?"

"சிடி சுத்தி வேகம் எடுக்கணும்லா அண்ணே. அதுக்குச் செத்த நேரம் ஆவும்."

"ஒரே நேரமாப் போடு. சின்னதாப் போடு, வேகமா ஓடும்."

"ஓடாதுண்ணே."

"நீ எனக்குப் பாடம் எடுக்கியா?"

மாற்றாவிட்டால் கையெழுத்து கிடையாது என்றேன். மாற்றினாள். பிரதியில் அவள் முதலில் எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்து, 'இரண்டு நேரம் தேவையற்றது' என்று எழுதி, பட்டங்களோடு உள்ளங்கை அகலத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். சென்டர் மெஷினில் புதிய கெர்னல் ஜம்மென்று கிளம்பியது. "பாத்தியா?" என்றேன். அந்த மெஷினில் சிடி டிரைவே கிடையாது. (இது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.)

தேர்வன்று மதுரையிலிருந்து வந்த தேர்வாளர், சித்ராவின் கெர்னல் ஏற்றிய கல்லூரி லேப் மெஷினில் தன் சிடியைப் போட்டார். நான் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவ் உறுமியது. வேகம் எடுப்பதற்குள் திரையில் 'தயாராக இல்லை' என்று வந்துவிட்டது. இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. அவர் ரெக்கார்டைப் புரட்டினார்.

"முதல்ல சரியாத்தானம்மா எழுதியிருக்க. யாரு இதை அடிச்சது?"

சித்ரா அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. தேர்வாளர் என் கையெழுத்தை வாசித்து, "இவர் எங்க இருக்காரு?" என்றார். நானே உள்ளே போனேன்.

"ஏன் அடிச்சீங்க?"

"குறைச்சலா இருந்தா வேகமா இருக்கும்னு..." எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எதையாவது அடிக்கணும்னு அடிச்சீங்களா?"

அப்பாவின் மொத்த சர்வீசிலும் அவரை யாரும் கேட்காத கேள்வி அது. ஆமென்று தலையாட்டினேன்.

"இந்தப் பொண்ணு பழையபடி மாத்தட்டும். நீங்க இங்கயே உக்காருங்க."

அந்தக் காலத்து மெஷினில், மாற்றிய வரிகளோடு கெர்னலை மறுபடியும் உருவாக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. மற்ற பிள்ளைகளின் தேர்வை நடத்திக்கொண்டே அவர் அவ்வப்போது என்னைப் பார்த்தார். சித்ரா என் பக்கம் திரும்பவேயில்லை. இவள் பெங்களூர் போகாமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியாராம், வாத்தியார்.

மறுபடி சிடியைப் போட்டார். உறுமியது, வேகம் எடுத்தது, ஓடியது.

"வேலை நல்லாருக்கும்மா," என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சித்ரா பெங்களூர் போனாள். அங்கேயே தனக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்தாள். கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டியபோது ஐந்நூறும் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தது.

"முகூர்த்தத்துக்கு ஒரு நேரம், வரவேற்புக்கு ஒரு நேரம்னு போட்டிருக்கு. ரெண்டும் வேணுமாண்ணே?" என்றாள், மாப்பிள்ளை வீட்டார் முன்னால்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தத் தாளைப் பற்றியாவது "அண்ணன்கிட்ட காட்டியாச்சா?" என்று யாராவது கேட்டால், "மொதல்ல அச்சாகி வரட்டும்" என்பதுதான் பதில்.