முறுக்கு டின்னில் ஒரு கம்ப்யூட்டர்

கட்டினவள் வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாருக்குங்க" என்று கேட்டுவிட வேண்டும். கொல்லிமலை வாசலூர்பட்டி முருகானந்தத்துக்கு இதைத் தவிர வேறு ஆசை கிடையாது, பாவம். கல்யாண வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது அவன் பிழைப்பு. நாமக்கல் வரைக்கும் அவன் வேலைக்கு நல்ல பேர். ஊட்டுக்காரி சுகுணா மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ஏனுங்க, இத்தாம் பெரிய பொட்டி எதுக்கு? அந்த எடத்துல ரெண்டு மூட்டை மிளகு வைக்கலாம். வேணும்னா முறுக்கு டின்னு அளவுக்கு ஒண்ணு வச்சுக்குங்க."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். இவன் சபதமே எடுத்துவிட்டான். அன்றைக்கே டின்னைக் காலி செய்தான், அதாவது முறுக்கைத் தின்று தீர்த்தான். ஒரு சாண்கூட வராத மதர்போர்டு. அதன் தலையில் தட்டையாக ஒரு ஃபேன். சூடு மேலே போக மூடியெல்லாம் ஓட்டை. தகரத்தை ராவி ராவி விரலில் தோல் மிச்சமில்லை. ஒருவழியாக டின்னுக்குள் கம்ப்யூட்டர் ஓடியது.

"எப்படி கண்ணு?" என்றான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

சுகுணா சுற்றிப் பார்த்தாள். மூடிமேல் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"சுடுதுங்களே."

"அவ்வளவுதானா?"

"கூடத்துல தூசிங்க. அடுக்களை அலமாரியில வச்சுக்குங்க. ராத்திரி அமத்தாதீங்க, ஓடட்டும். பாதியில நின்னா உங்க வேலை கெட்டுப் போகுமில்ல."

அவன் வேலையைப் பற்றி அவள் கவலைப்படுகிறாள்! முருகானந்தத்துக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

பொட்டிதான் குளிரவில்லை. பகலெல்லாம் சமர்த்தாக இருக்கும். வீடியோவை ஓடவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் தொண்ணூறு டிகிரியைத் தொட்டிருக்கும். கொல்லிமலைக் குளிரில் மனுசனுக்குப் பல் தந்தியடிக்குது, டின்னுக்கு மட்டும் காய்ச்சல்! ஃபேனுக்கு அடியில் சூட்டை இழுக்கத் தடவும் பசையை மாற்றிப் பூசினான். வேகத்தைக் குறைத்தான். அடியில் கட்டை வைத்துத் தூக்கினான். ம்ஹூம். இவ்வளவு சுட்டால் அவள் எப்படி நல்லாருக்கு என்பாள் என்று ஏங்கியே இளைத்தான்.

இளைத்தான் என்று சும்மா சொல்லக்கூடாது. சாப்பாடு மட்டும் நன்றாகவே இறங்கியது.

"என்ன சுகுணா, சாமை இட்லி பஞ்சாட்டம் இருக்குது? இந்தக் குளிருக்கு நம்மூட்டுல மாவு பொங்குனதே இல்லியே."

"கைராசிங்க. இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?"

"வையி. பொட்டிக்கு மட்டும் இந்தச் சூடு எங்கிருந்துதான் வருதோ."

"எனக்கென்னங்க தெரியும்."

கடைசியில் சேலம் போய்ப் பெரிய ஃபேன் வாங்கி வந்தான். டின்னின் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு மாட்டினான். மறுநாள் காலையில் பார்த்தால் அறுபதே டிகிரி.

"சுகுணா, ஜெயிச்சுட்டேன். வந்து பாரு, ஜில்லுனு இருக்குது."

அவள் தட்டை வைத்தாள். இட்லி ணங்கென்றது.

"மாவு பொங்கலீங்க" என்றாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அப்போதுதான் டின் மூடியைச் சரியாகப் பார்த்தான். சட்டி வைத்த தடம், வட்டமாக. ஓரத்தில் காய்ந்த மாவு.

"மாவுச் சட்டிய இதும்மேலயா வச்சே?"

"பின்னே? போர்வை சுத்திப் பாத்தேன், அடுப்போரம் வச்சுப் பாத்தேன். அசையாத மாவு இதும்மேல வச்ச அன்னிக்குத்தான் பொங்குச்சு. எவ்வளவு நல்லாருந்துச்சுங்க உங்க பொட்டி. நீங்கதான் கெடுத்துப் போட்டீங்க."

நல்லாருந்துச்சு. காதில் விழுந்தே விட்டது. கோபப்பட வேண்டியவனுக்குக் கண் கலங்கியது. பொழுது சாய்வதற்குள் புது ஃபேனை அவனே கழற்றினான். பக்கவாட்டு ஓட்டைகளை அடைத்தான். மாவுச் சட்டியையும் தன் கையாலேயே தூக்கி மேலே வைத்தான்.

"இன்னொருக்கா சொல்லு சுகுணா."

"எதைங்க?"

"பொட்டி நல்லாருக்குன்னு."

"நல்லாருக்குங்க. நம்ம மலையிலயே குண்டூர் நாட்டுல இருக்கற எங்கம்மாகூட ஒண்ணு கேட்டாங்க. உள்ள கம்ப்யூட்டர் வேண்டாமாம், சூடு வந்தாப் போதுமாம்."