உராய்வை நீக்கிய ஞாயிற்றுக்கிழமை

கல்லூரியில் முதல் ஆறு மாதம் நான் இயற்பியல் படிக்கவே இல்லை, மனப்பாடம்தான் செய்தேன். இயக்கவியல் புத்தகத்தில் தீர்த்துக் காட்டியிருந்த கணக்குகள் எல்லாம் விடையோடும் அலகோடும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தேர்வில் ஐந்து கிலோவை ஏழு கிலோவாக மாற்றிக் கேட்டிருந்தார்கள். அத்தோடு என் கதை முடிந்தது.

திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் போனால் அரியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காமயகவுண்டன்பட்டி டீக்கடையில் அப்பா தன் மகளை ஏற்கெனவே பாதி விஞ்ஞானி ஆக்கியிருந்தார். தோற்றதை எப்படிச் சொல்வது?

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்துக்கு ஒத்தாசைக்குப் போனேன். (புத்தகமும் கையுமாகத்தான். ஒரு குலை வெட்டினால் நாலு பழம் என் வாய்க்குள் போகும்.) வண்டியில் சாய்த்த பலகையின் மேல் கோணி விரித்து, அதன்மேல் பழ டிரேக்களை அப்பா தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார். பாதியில் கையை எடுத்து மூச்சு வாங்குவார், மறுபடி தள்ளுவார்.

"அந்தக் கோணிய எடுத்துருப்பா. உராய்வு கொறைஞ்சா தள்ளுறது லேசு," என்றேன். பதினேழாம் கணக்கு, உராய்வற்ற சாய்தளம்.

"எதுக்கோதான போட்டிருக்காக. நீ உன் சோலியப் பாரு," என்றார் அம்மா.

"காலேசுப் புள்ள சொல்லுது, உனக்கென்ன தெரியும்?" என்று அப்பா கோணியை உருவிப் போட்டார்.

டிரே வழுக்கிக்கொண்டு ஏறியது. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் பலகைக்குக் கீழே நின்று பதினெட்டாம் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். பாதி வழியில், பழக்கம்போல, அப்பா கையை எடுத்தார்.

டிரே என்னை நோக்கி வந்தது. அடுக்கிவைத்திருந்த ஆறு டிரேக்களின் மேல் நானும் புத்தகமும் உட்கார்ந்தோம். பன்னீர் திராட்சைக்குச் சாறு அதிகம்.

ஓடிவந்த தோட்டத்து முதலாளியிடம், "என் கைதான் நழுவிருச்சுங்கய்யா," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சாற்றில் உட்கார்ந்தபடியே எனக்கு ஒன்று புரிந்தது. தள்ளும்போது டிரேயைக் கீழே இழுத்த அதே உராய்வுதான், கையை எடுத்ததும் அதை மேலே தாங்கிப் பிடித்திருக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களில் இருந்த அந்த இரண்டு கணக்கையும் மனப்பாடம் செய்திருந்தேன். ஒருநாளும் படம் வரைந்து, எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்ததில்லை.

டவுன் பஸ்ஸில் வரும்போது சொன்னேன். "போன பரிச்சையில நான் பெயிலுப்பா. நாளைக்குத் திரும்ப எழுதணும்."

அப்பா என் புத்தகத்தில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலை எடுத்து ஜன்னல் வழியே போட்டார். "ஏறுறப்ப நெசமாவே லேசாத்தான் இருந்துச்சு ஆத்தா," என்றார்.

அன்று சாயங்காலம் விடைகளை மூடிவைத்துவிட்டு, கணக்குக்கு ஒரு பலகை, ஒரு டிரே, அதைச் சுற்றி அம்புக்குறிகள் என்று வரைந்து தள்ளினேன். மறுநாள் எல்லா எண்களையும் மாற்றித்தான் கேட்டார்கள். டிரே அதேதான். பாஸ்.

இப்போது தேனியில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். வேலையில் சேர்ந்த அன்று காலை, ஆசீர்வாதம் வாங்க அப்பாவுக்கு போன் செய்தேன்.

"நல்லா நடத்து ஆத்தா," என்றார். "ஆனா பலகைக்குக் கீழ நிக்காத."