ஏரோதின் கையில் அகப்பை

பாறசாலை,
11 ஜனவரி 1996

கர்த்தருக்குள் பிரியமுள்ள மச்சினன் விஜயதாஸுக்கு, அத்தான் கனகதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காள் லீலாபாயும் மகள் பின்சியும் இரண்டு ஆடுகளும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதத்துக்கு ஒரு முறை இருப்பதால் விசாரித்து வைக்கிறேன். கிறிஸ்மஸ் நாடகம் முடிந்த மறுநாள் விடியற்காலையிலேயே, அதுவும் நான் கண்டக்டராக இருக்கிற பஸ்ஸில் ஏறாமல் வேறு பஸ் பிடித்து, நீ ஒற்றசேகரமங்கலத்துக்குக் கம்பி நீட்டியதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்ததும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாழாய்ப்போன படம். நவம்பரில் எங்களை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப் போனாயே, அது. பதினைந்து வருஷமாக ஒரே அடியில் எட்டுப் பேரைச் சாய்த்த நடிகர் என்று நம்பி நானும் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவரோ படம் முழுக்க இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கைக்குழந்தைக்குக் கூழ் ஊட்டினார், பெண்டாட்டிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார், கடைசியில் ஒரு வாத்து துரத்த ஓடினார். இப்போதாவது ஒரு சண்டை வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உன் அக்காள் கண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்தது கிடையாது. அதைப் பார்த்துத்தான் உனக்குப் புத்தி கெட்டது.

நம் சபையின் கிறிஸ்மஸ் நாடகத்தில் பதினாறு வருஷம், பச்சைப் பிள்ளைகளைக் கொல்லச் சொல்கிற ஏரோது ராஜா யார்? நான். ஏரோதின் வாளைப் பழைய தகரத்தில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டியது யார்? நான். நீ நாடக கன்வீனராகி மூன்று மாதம் ஆகவில்லை, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்று ஏரோதையே நாடகத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, என்னைப் பெத்லகேம் சத்திரக்காரனாக்கி, கையில் அகப்பையைக் கொடுத்தாய். கேட்டதற்கு, "அத்தான், அடிக்கவன் அடிவாங்குனாத்தான் ஆளுவ சிரிப்பாவ. அந்த நடிகருக்கு முடிஞ்சா உங்களுக்கும் முடியும். இப்ப இதாக்கும் ஓடுது" என்றாய். நான் ஒரு மடையன், தலையாட்டினேன்.

சரி, ஆட்டினேன். ஆனால் என் பிரவேசத்துக்கு ஏன் பழைய ஏரோது கொட்டுமேளத்தையே அடிக்கச் சொன்னாய்? பதினாறு வருஷம் அந்தக் கொட்டுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்த கால் இது, சொன்ன பேச்சு கேட்குமா? நான்கே எட்டில் மேடை நடுவுக்கு வந்துவிட்டேன். யோசேப்பாக நின்ற அனூப், "ஐயா, சத்திரத்தில் இடமுண்டா?" என்று பணிவாகக் கேட்டான். "இடமில்லை" என்று நான் நடுங்கிக்கொண்டே சொல்ல வேண்டும். என் கை தானாக இடுப்புக்குப் போனது, அகப்பையை உருவினேன், "பெத்லகேமில் ஆண்பிள்ளைகள் ஒருவரையும் உயிரோடு விடாதீர்கள்!" என்று கர்ஜித்துவிட்டேன். அனூப் நிஜமாகவே மரியாளை விட்டுவிட்டு ஓடினான்.

ஊர் அப்படியே உறைந்தது. அந்தக் கணத்தில் திரையை இழுத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். நீ இழுக்கவில்லை. என் பெண்டாட்டி வேஷம் போட்ட பாடகர் குழு ஆனந்தபாய் வாசல் பெருக்குகிற வாரியலோடு வந்து, "ஓய், பிள்ளையள பெறவு கொல்லலாம். அடுப்புல சோறு குழையுது, முதல்ல அத வடியும்" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். ஒத்திகையில் வாரியல் மேலே படவில்லை, அன்றைக்குப் பட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. போதகர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். திரைக்குப் பின்னால் நீயும் சிரித்தாய், உன் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். என் பிழைப்பையல்லவா கெடுத்துவிட்டாய். தனுவச்சபுரம் காலேஜுப் பையன்களை நான் எதைக் கொண்டு அடக்கிவந்தேன்? விசிலையா? "எலே, ஏரோது வாறாரு" என்று ஒருவன் சொன்னால் போதும், படிக்கட்டில் தொங்குகிறவன் எல்லாம் உள்ளே வருவான். இப்போது நான் முறைத்தால், பின்னாலிருந்து ஒருவன், "சத்திரக்காரரே, எடம் உண்டா?" என்கிறான். உடனே பஸ் முழுக்க, "எடம் இல்ல!" என்கிறது. டிக்கெட் கேட்டால் சிரிக்கிறார்கள், உள்ளே நகரச் சொன்னால் சிரிக்கிறார்கள். கோட்டுகாலிலிருந்து காய்கறிக் கூடையோடு வருகிற சரசம்மாவுக்கு என் தாய் வயது. அவள்கூட இறங்கும்போது, "சோறு வடிச்சாச்சா மக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். டிரைவர் பொன்னப்பன் அதைக் கேட்டு ஹாரனில் கைவைத்துக் குலுங்குகிறான். பயம் போன கண்டக்டரும் பல் போன பாம்பும் ஒன்றுதான். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, அதுவரை இந்தப் பையன்களை எப்படிக் கட்டி மேய்ப்பேன் என்று நீயே சொல்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். வருகிற கிறிஸ்மஸுக்கு ஏரோது திரும்பி வர வேண்டும், வாள் என் கைக்கு வர வேண்டும், சத்திரக்காரனை நாடகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நான் அடுத்த சபைக்குப் போவேன், உன் அக்காளையும் கூட்டிக்கொண்டு போவேன்.

உன் மனைவி விலாசினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதமும், தேவன் அவர்களைக் காக்கும்படி ஜெபமும். உனக்குரியதை நேரில் தருகிறேன்.

கோபம் தீராத அத்தான்,
கனகதாஸ்

பி.கு: கடிதத்தை ஒட்டாமல், தபாலில் போடவும் மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று சாயங்கால டிரிப்பில் தனுவச்சபுரத்தில் பஸ் நிறைந்து வழிந்தது. அப்போது ஓர் இளம் தம்பதி ஓடி வந்தார்கள். அவளுக்கு நிறைமாதம், அவன் தோளில் ஆஸ்பத்திரிப் பை. அசலூர்க்காரர்கள், நம் நாடகமெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அவன் மூச்சிரைக்க, "சேட்டா, ஸ்தலம் உண்டோ?" என்று மலையாளத்தில் இடம் கேட்டான். அத்தனை பையன்களும் என் வாயையே பார்த்தார்கள். நீ எனக்கு எழுதிக் கொடுத்த வசனம் "இடமில்லை". எனக்கு வாயில் வந்தது, "உண்டு மக்கா, ஏறி வா." நான் திரும்புவதற்குள் பதினொரு பேர் சிரித்தபடி எழுந்து நின்றார்கள். ஏரோதாக இருந்தபோதும் நான் அதட்டினால் எழுந்திருப்பார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஒருவனும் சிரித்துக்கொண்டு எழுந்து நான் பார்த்ததில்லை. ஆகவே வாளை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு. அகப்பை என்னிடம்தான் இருக்கிறது, உன் அக்காள் சமையலுக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் சத்திரக்காரனின் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுத முடியுமா என்று போதகரிடம் கேட்டுப் பார்.